மீன் தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க... வண்ண மீன் குஞ்சு பொரிக்க எந்தத் தொட்டி சரி? முழு விளக்கம்

முக்கிய அம்சங்கள்

* அழகுக்கு வைக்கும் தொட்டியும் இனப்பெருக்கத் தொட்டியும் ஒன்றல்ல
* முதலில் தண்ணீர், அடுத்து மீன், கடைசியில்தான் தொட்டி
* கப்பி, மோலிக்கு ஒரு தொட்டி. ஃபைட்டருக்கு வேறு தொட்டி. கோல்டு ஃபிஷுக்கு வேறு
* பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் போன்ற வெயில் பகுதிகளில் கவனிக்க வேண்டியவை என்ன?
* கொல்லைப்புற மீன் வளர்ப்புக்கு அரசு மானியம் எவ்வளவு?

ராத்திரி பார்க்கும்போது தொட்டியில் முப்பது குட்டி. காலையில் எழுந்து பார்த்தால் மூணு. மீதி எங்கே போச்சு? யாரும் திருடிட்டுப் போகவில்லை. பெற்ற தாயே தின்றிருக்கும்.

கப்பி மீன் வாங்கி வீட்டில் வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் முதல் மாதத்திலேயே கிடைக்கும் அனுபவம் இது. மீன் மேல் தப்பு இல்லை. கண்ணாடித் தொட்டி, அடியில் கலர் கல், ஒரு பிளாஸ்டிக் செடி, மேலே லைட்... இதெல்லாம் பார்க்க நல்லா இருக்கும். ஆனால், பிறந்த குட்டி ஒளிவதற்கு அதில் ஒரு இடமும் கிடையாது.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ள பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில் மழையை நம்பித்தான் விவசாயம். வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் இடம், ஒரு போர், கொஞ்சம் நேரம் இருந்தால் வண்ண மீன் குஞ்சு பொரித்து விற்கலாம் என்ற யோசனை இப்படிப்பட்ட ஊர்களில் பலருக்கும் வருகிறது. சென்னை கொளத்தூர் இன்று வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம். அங்கும் திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களிலும் இந்தத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே முடியும் என்றால் இங்கே முடியாதா?

முடியும். ஆனால் பலரும் தொடங்குவது தலைகீழாக. முதலில் தொட்டியை வாங்குகிறார்கள். பிறகு மீனை வாங்குகிறார்கள். மீன் செத்த பிறகுதான் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

முதல் கேள்வி: உங்க வீட்டுத் தண்ணி எப்படி?

'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று நம்ம ஊரில் பிரித்துச் சொல்வது மீன் வளர்ப்பிலும் அப்படியே பொருந்தும். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம் இருந்தால் அதைக் கடின நீர் என்கிறோம். சோப்பு போட்டால் நுரை சரியாக வராது. பாத்திரத்தில் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படியும். இது இருந்தால் உங்கள் தண்ணீர் கடினமானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடின நீர் என்றாலே மீன் வளராது என்று அர்த்தமில்லை. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கொஞ்சம் கடினமான, காரத்தன்மை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் இருந்து வந்த சிக்லிட் வகை மீன்களும் அப்படித்தான். பி.எச். அளவு 7.8-க்கு மேல் இருந்தாலும் அவை சந்தோஷமாக இருக்கும்.

எதிர்ப்பக்கம் நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மீன்கள். இவை அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை. அங்கே தண்ணீர் மென்மையானது, லேசான அமிலத்தன்மை உள்ளது. கடின நீரில் இவை உயிரோடு இருந்தாலும் முட்டை சரியாகப் பொரிக்காது. இவற்றுக்காக ஆர்.ஓ. தண்ணீர் கலந்து கொடுக்கலாம். ஆனால், ஆர்.ஓ. இயந்திரம் ஒரு பங்கு நல்ல தண்ணீர் தர, அதைவிட அதிகமாகவே கழிவு நீரை வெளியே தள்ளும். கோடையில் குடிக்கவே தண்ணீர் தேடும் ஊரில் இது கட்டுப்படியாகுமா என்று யோசிக்க வேண்டும்.

ஆக, தண்ணீரை மீனுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதைவிட, தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது சுலபம், செலவும் குறைவு. மீன் கடைகளில் கிடைக்கும் பி.எச். சோதனை கிட், டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் வைத்து வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் கட்டணம் கட்டியும் சோதித்துக்கொள்ளலாம்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்த் தண்ணீராக இருந்தால்? அதில் குளோரின் இருக்கும். நேரடியாகத் தொட்டியில் விட்டால் மீனின் செவுள் பாதிக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, திறந்த நிலையில் 24 மணி நேரம் வைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்த மீன்?

மீன்கள் எல்லாம் ஒரே மாதிரி குஞ்சு பொரிப்பதில்லை. சில குட்டி போடும். சில முட்டையைத் தூவிவிட்டுப் போகும். சில முட்டையை ஒட்டி வைத்துக் காவல் காக்கும். சில நுரைக்கூடு கட்டும். சில வாயிலேயே வைத்து அடைகாக்கும். தொட்டியின் நீளம், உயரம், தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தக் குணம்தான்.

1. குட்டி போடும் மீன்கள் (கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில்)

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது இந்த வகை. கப்பி ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் மீன், அந்த விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைத்துப் பல ஈடு குட்டி போடும். அதனால் நல்ல நிறம், நல்ல வால் உள்ள வகையைத் தனியாகப் பெருக்க நினைத்தால், கலப்பு ஆகாத இளம் பெண் மீனில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

என்ன தொட்டி? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். இதில் விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். ஒரு ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் விடலாம். முக்கியமானது பாசி. வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களைத் தொட்டியின் பாதிக்கு அடர்த்தியாகப் போட வேண்டும். பிறந்த குட்டி அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு வழி, தொட்டிக்குள் கொசுவலை மாதிரி ஓட்டையுள்ள கூண்டு வைத்துத் தாய் மீனை அதற்குள் விடுவது. குட்டி ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும், தாயால் வர முடியாது. ஆனால் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் நாள் கணக்கில் அடைத்து வைத்தால் தாய் மீன் மிரண்டு போகும். கூண்டு பெரிதாக இருக்க வேண்டும், குட்டி போட்ட உடனே தாயை எடுத்துவிட வேண்டும்.

கவனிக்க: குட்டிகளை நாலு வாரத்துக்குள் ஆண், பெண் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விட வேண்டும். இல்லையென்றால் அண்ணன் தங்கைக்குள்ளேயே கலந்து, சில தலைமுறைகளில் மீன் சிறுத்து, நிறம் மங்கிவிடும். ஒரு தொட்டி வாங்கினால் தொழில் நடக்காது என்று சொல்வது இதனால்தான்.

2. முட்டை தூவும் மீன்கள் (கோல்டு ஃபிஷ், கோய், பார்ப், ஜீப்ரா டேனியோ)

இவை முட்டையைத் தூவிவிட்டு, அடுத்த நிமிடமே அதைத் தின்னத் தொடங்கும். எனவே முட்டையையும் பெற்றோரையும் எவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோல்டு ஃபிஷ் முட்டை பசை மாதிரி ஒட்டும். தொட்டியில் நீர்ப்பாசியோ, நைலான் கயிற்றைப் பிரித்துக் கட்டிய கொத்தோ போட்டு வைத்தால் முட்டை அதில் ஒட்டிக்கொள்ளும். காலையில் முட்டை ஒட்டிய கொத்தை மட்டும் எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். தண்ணீர் வெப்பத்தைப் பொறுத்து 2 முதல் 4 நாட்களில் பொரிக்கும். இதற்குக் குறைந்தது 3 அடி நீளத் தொட்டி வேண்டும். ஆழம் முக்கியமில்லை, ஒரு அடி தண்ணீர் போதும். மீன் துரத்தி ஓட நீளம்தான் தேவை. அதனால் கோல்டு ஃபிஷுக்குக் கண்ணாடித் தொட்டியைவிட அகலமான சிமெண்ட் தொட்டி வசதி.

ஜீப்ரா டேனியோ முட்டை ஒட்டாது, நேராக அடியில் விழும். அடியில் கோலிக்குண்டு பரப்பி வைப்பது பழைய, எளிய வழி. முட்டை குண்டுகளுக்கு இடையே விழுந்துவிடும், மீனால் எடுத்துத் தின்ன முடியாது. 15, 20 லிட்டர் பிடிக்கும் சின்னத் தொட்டியே போதும்.

3. முட்டையை ஒட்டிக் காவல் காக்கும் மீன்கள் (ஏஞ்சல்)

ஏஞ்சல் மீன் நெட்டுக்குத்தாக நிற்கும் பரப்பில் முட்டை ஒட்டும். பெரிய இலை, சாய்த்து வைத்த சிலேட்டுப் பலகை, பி.வி.சி. குழாய்த் துண்டு எதுவாக இருந்தாலும் சரி. மேலும் கீழும் நீண்ட துடுப்பு உள்ள மீன் என்பதால் இதற்கு மட்டும் உயரம் வேண்டும். குறைந்தது ஒன்றரை அடி உயரத் தொட்டி தேவை. ஒரு ஜோடிக்கு ஒரு தொட்டி. மற்ற மீன் கூடவே இருந்தால் ஓயாத சண்டை.

கடையில் போய் 'ஒரு ஜோடி கொடுங்க' என்று வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆண் எது, பெண் எது என்று வெளியே பார்த்துச் சொல்வது கடினம். ஆறு, எட்டு இளம் மீனை ஒன்றாக வளர்த்தால் அவையே ஜோடி சேரும். அந்த ஜோடியைத் தனியே பிரிப்பதுதான் முறை.

4. நுரைக்கூடு கட்டும் மீன்கள் (ஃபைட்டர், கோராமி)

ஃபைட்டருக்குப் பெரிய தொட்டி வாங்குவது வீண் செலவு. அகலமான டப் ஒன்றில் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். ஆண் மீன் வாயால் குமிழி விட்டு நீர்ப்பரப்பில் கூடு கட்டும். கீழே விழும் முட்டையை வாயால் பொறுக்கிக் கொண்டுபோய்க் கூட்டில் வைக்கும். தண்ணீர் ஆழமாக இருந்தால் இந்த வேலை அதற்குக் கஷ்டம்.

காற்றுக் குழாய் போடக் கூடாது, கூடு கலைந்துவிடும். மேலே மூடி அவசியம். ஃபைட்டர் நேரடியாக மேல்காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால், நீருக்கு மேல் உள்ள காற்று ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். காய்ந்த நாட்டு பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டால், கூடு கட்ட அது பிடிமானமாகவும் இருக்கும். முட்டை இட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் கடித்தே கொன்றுவிடும். ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். குஞ்சு தானாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. வளர்ந்த ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக வைக்க முடியாது. 50 ஆண் மீன் தேறினால் 50 பாட்டில் வேண்டும். 50 பாட்டிலுக்கும் தினமும் தீனி, அடிக்கடி தண்ணீர் மாற்றம். முட்டை பொரித்த சந்தோஷத்தில் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

5. வாயில் அடைகாக்கும் மீன்கள் (மலாவி சிக்லிட்)

பெண் மீன் முட்டையை வாயில் வைத்து மூன்று, நாலு வாரம் எதுவும் சாப்பிடாமல் அடைகாக்கும். முரட்டு மீன்கள் என்பதால் 3 அல்லது 4 அடி நீளத் தொட்டி, ஒளிந்துகொள்ள நிறையக் கல், ஓட்டுத் துண்டு வேண்டும். கடின நீர் உள்ள ஊருக்கு ஏற்றது. ஆனால் முதல் முறையே இதில் இறங்குவதைவிட, கப்பியில் கை பழகிய பிறகு வருவது நல்லது.

மூன்றாவது கேள்வி: கண்ணாடியா, சிமெண்டா, பிளாஸ்டிக்கா?

கண்ணாடித் தொட்டி: நாலு பக்கமும் பார்க்கலாம் என்பதால் முட்டை இட்டதா, குஞ்சு பொரித்ததா என்று உடனே தெரியும். ஜோடி சேர்க்கவும் முட்டை பொரிக்கவும் இது சரி. ஒரு அடி உயரத்துக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர், ஒன்றரை அடி உயரத்துக்கு 8 மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடி வழக்கம். எடையையும் யோசிக்க வேண்டும். 3 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 190 கிலோ. பழைய மர பெஞ்ச் தாங்காது. தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் அட்டை போட்டால் மேடு பள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடுவதைத் தவிர்க்கலாம்.

சிமெண்ட் தொட்டி: குஞ்சுகளை வளர்த்தெடுக்க இதுதான் மலிவு, நீண்ட நாள் உழைக்கும். 8 அடிக்கு 4 அடி தொட்டியில் ஒரு அடி தண்ணீர் நிறுத்தினால் சுமார் 900 லிட்டர். ஆனால் கட்டி முடித்த கையோடு மீன் விட்டால் மொத்தமும் போய்விடும். புது சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு கரைந்து பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை வடித்து மாற்ற வேண்டும். இப்படி இரண்டு, மூன்று வாரம் செய்து, பி.எச். அளந்து பார்த்த பிறகு முதலில் நாலைந்து மீனை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் டப், தார்ப்பாய் தொட்டி: உடனே தொடங்க வசதி. இடம் மாற்றலாம். வெயில் நேரடியாகப் பட்டால் சீக்கிரம் வெடித்துவிடும். ஒரு எச்சரிக்கை முக்கியம். பூச்சி மருந்து, உரம், கெமிக்கல் வந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் மீனுக்கு ஆகாது. 'வயக்காட்டுல சும்மாதானே கிடக்கு' என்று எடுத்துவரக் கூடாது.

உயரமா, அகலமா?

கடையில் உயரமான தொட்டி அழகாகத் தெரியும். ஆனால் மீனுக்கு ஆக்சிஜன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. ஒரு கணக்கு பாருங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் பிடிக்கும். மேற்பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர். அதே தொட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி 30 நீளம், 30 அகலம், 60 உயரம் என்றால் அப்போதும் 54 லிட்டர்தான். ஆனால் மேற்பரப்பு 900, சரிபாதி. தண்ணீர் ஒரே அளவு, மீன் மூச்சுவிடும் வாசல் மட்டும் பாதி. ஏஞ்சல் போன்ற சில மீன்களைத் தவிர, குஞ்சு பொரிக்க அகலமான, தாழ்வான தொட்டிதான் நல்லது.

வெயிலில் என்ன ஆகும்?

சங்கரன்கோவில் பக்கம் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வாங்கும். தேவை கூடுகிறது, வரவு குறைகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டால்?

சின்னத் தொட்டிதான் முதலில் பாதிக்கப்படும். 5 லிட்டர் ஜாடி ஒரு மணி நேரத்தில் சூடாகும், 500 லிட்டர் தொட்டி மெதுவாகத்தான் சூடாகும். எனவே வெயில் பகுதியில் சில விஷயங்கள் கட்டாயம்:

* தொட்டிகளுக்கு மேல் தென்னங்கீற்றுக் கொட்டகை அல்லது பச்சை நிழல் வலை. தகரக் கொட்டகை வேண்டாம், அடுப்பு மாதிரி ஆகிவிடும்
* சிமெண்ட் தொட்டியைப் பாதியளவு தரைக்குள் இறக்கிக் கட்டினால், மண் சூட்டைத் தடுக்கும்
* கரண்ட் போனால் ஓடும்படி பேட்டரி ஏர் பம்ப் ஒன்றாவது கையிருப்பில் வேண்டும்
* காற்றாலைகள் சுழலும் ஊர் இது. ஆனி, ஆடிக் காற்றில் புழுதியும் சருகும் விழாமல் வலை மூடி வேண்டும்
* கோல்டு ஃபிஷ் போன்ற குளிர்ச்சி விரும்பும் மீன்களின் முட்டை வேலையை ஐப்பசி முதல் மாசி வரை வைத்துக்கொள்வது நல்லது

'தண்ணி குறைஞ்சா ஊத்திட்டே இருக்கோம்' – இதில் என்ன தப்பு?

பலரும் செய்யும் தவறு இது. வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மேலும் மேலும் போர் தண்ணீர் ஊற்றினால் மேலும் மேலும் உப்பு சேரும். சில மாதத்தில் தொட்டித் தண்ணீர் போர் தண்ணீரைவிட உப்பாகிவிடும். எனவே வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும்.

தண்ணீர் வீணாகுமே என்று கவலை வேண்டாம். 50 லிட்டர் தொட்டி பத்து இருந்தால் வாரத்துக்கு 125 லிட்டர் வெளியே வரும். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீரில் நைட்ரேட் சத்து இருப்பதால் முருங்கைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். தொட்டி வைக்கும் இடத்தை முடிவு செய்யும்போதே தண்ணீர் எங்கே போய் விழும் என்பதையும் யோசித்து வைக்கலாம்.

ஃபில்டர் எது வாங்கணும்?

குஞ்சு இருக்கும் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான். மோட்டார் வைத்து இழுக்கும் ஃபில்டர் குஞ்சையும் சேர்த்து இழுத்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் விலையும் குறைவு, ஏர் பம்பிலேயே ஓடும்.

ஃபில்டரின் உண்மையான வேலை குப்பை பிடிப்பது மட்டுமல்ல. மீன் கழிவில் இருந்து அம்மோனியா உருவாகும். அது விஷம். ஸ்பாஞ்சில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட் ஆகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட் ஆகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். 'புதுத் தொட்டி, புதுத் தண்ணி, ஆனா மீன் செத்துப்போச்சு' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஏற்கெனவே ஓடும் தொட்டியில் இருக்கும் ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டிக்கு மாற்றினால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம்.

கடின நீர் உள்ள ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதே அளவு கழிவு இருந்தாலும், பி.எச். 7-ல் இருந்து 8-க்கு ஏறினால் விஷமாகும் அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு கூடும். அதனால் காரத் தண்ணீரில் தீனியை அள்ளிப் போடுவது மிகவும் ஆபத்து. ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போட வேண்டும்.

எத்தனை தொட்டி வேண்டும்?

ஒரே ஒரு வகை மீனை வைத்துத் தொடங்கினாலும் குறைந்தது நாலு வகைத் தொட்டி தேவைப்படும்:

* தாய், தகப்பன் மீன்களைப் பராமரிக்க ஒன்று
* குட்டி போட அல்லது முட்டையிட ஒன்று
* குஞ்சுகளை வளர்த்தெடுக்க இரண்டு. இதில்தான் அதிக இடம் வேண்டும்
* புதிதாக வாங்கிய மீனையும் நோய் வந்த மீனையும் தனியே வைக்க ஒன்று

முட்டை பொரிப்பது கஷ்டமில்லை. வளர்த்தெடுக்க இடம் இல்லாமல் நெரிசலில் சாவதுதான் அதிகம். ஒரு கோல்டு ஃபிஷ் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனையையும் ஒரு 2 அடி தொட்டியில் வளர்க்க முடியாது. எனவே இருக்கும் பணத்தில் பெரும்பங்கைப் பளபளப்பான கண்ணாடித் தொட்டிக்குப் போடாமல், வளர்ப்புத் தொட்டிக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

மானியம் உண்டா?

2020-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் இடம் இருக்கிறது. கொல்லைப்புற வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாயும், நடுத்தர அலகுக்கு 8 லட்சம் ரூபாயும் மொத்தச் செலவாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியலின, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம். அதாவது கொல்லைப்புற அலகுக்குப் பெண்கள் விண்ணப்பித்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரை மானியமாகக் கிடைக்க வாய்ப்புண்டு.

ஆனால் மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்தே பயனாளிகளைத் தேர்வு செய்வார்கள். எனவே 'மானியம் வந்துரும்' என்று நம்பிக் கடன் வாங்கித் தொட்டி கட்டிவிட வேண்டாம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பயிற்சி உண்டா என்று அங்கேயும் விசாரிக்கலாம்.

குளத்துல விடாதீங்க!

மீன் பெருகிவிட்டது, விற்கவில்லை, சாகடிக்கவும் மனசு வரவில்லை. ஊர்க் குளத்தில் விட்டுவிடலாமா? கூடவே கூடாது. 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன் அப்படி வெளியே போய்த்தான் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இரைக்குப் போட்டி போடுகிறது. விற்பனைக்கும் ஆகாது.

நம் பக்கத்து ஆறான தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு பார்ப் மீன் இனம் இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் அது உள்ளது. வெளியூர் மீன் ஒன்று உள்ளே நுழைந்தால் முதலில் பாதிக்கப்படுவது இப்படிப்பட்ட நம்ம ஊர் மீன்கள்தான். தொட்டித் தண்ணீர் வெளியேறும் குழாயில் வலை கட்டுவதும், அது வாய்க்காலில் போய்ச் சேராமல் தோட்டத்திலேயே முடிவதும் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளித் தொட்டி நிரம்பி வழியும்போதுதான் மீன் தப்பிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அதேபோல மீன் இல்லாமல் சும்மா தண்ணீர் தேங்கி நிற்கும் தொட்டியில் டெங்கு கொசு முட்டையிடும். பயன்படுத்தாத தொட்டியைக் காயவைத்துக் கவிழ்த்துவிட வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் இந்த 6 கேள்விகள்

1. தண்ணீரின் பி.எச்., டிடிஎஸ் அளந்தாச்சா?
2. அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீன் எது என்று முடிவு செய்தாச்சா?
3. அந்த மீன் குட்டி போடுமா, முட்டை தூவுமா, கூடு கட்டுமா?
4. குஞ்சு வளர்ந்த பிறகு விட இடம் இருக்கா?
5. நிழலும், கரண்ட் போனால் மாற்று வழியும் இருக்கா?
6. வளர்ந்த மீனை வாங்கிக்கொள்ளக் கடை எது? அங்கே பேசியாச்சா?

ஆறுக்கும் 'ஆமா' என்று பதில் வந்தால் தொட்டி வாங்கலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் காத்திருப்பது நல்லது. அதுவரை ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு கைப்பிடி பாசி, மூன்று கப்பி போதும். முதல் ஈடு குட்டியை முழுசாக வளர்த்து எடுத்துவிட்டால், அடுத்த தொட்டி என்ன அளவில் வாங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.